முப்பது விநாடி

கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததா என்று பார்க்க, மகள் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைப் பட்டை மெல்ல நிரம்பத் தொடங்கியது.

நாலு விநாடிகூட ஆகியிருக்காது. அப்பா சட்டென்று எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உக்காருங்க. பாதி வந்துடுச்சு," என்றாள் அம்மா.

அவர் மகளிடம் குனிந்தார். "கண்ணு, அடுத்த வருஷமும் எழுதலாம், தெரியுமில்ல?"

"வாயைக் கழுவுங்க! முடிவே வரலை, அதுக்குள்ள..."

"ஐயோ, எண்பது பர்சென்ட்!" மகள் நகத்தைக் கடித்தாள். "எவன்மா இதைச் செஞ்சான்? உசுரை வாங்குறான்."

அப்பா அவள் தோளை இறுகப் பற்றிக்கொண்டார்.

அலுவலகத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதி அந்தப் பட்டையை நகர வைத்தவர் அவர்தான். முடிவு என்னவோ முதல் விநாடியிலேயே வந்துவிடும். இடம் கிடைத்தவர்களுக்குப் பட்டை மூன்றே விநாடியில் நிரம்பும். கிடைக்காதவர்களுக்கு முப்பது விநாடி ஆகும்.

'பாவம், பிள்ளைங்க மனசைத் தேத்திக்கட்டும்' என்று, அந்த முப்பதை அடம்பிடித்துச் சேர்த்ததும் அவர்தான்.