குடும்ப ஜெபம்

எங்கள் சபையில் பக்திக்கு இலக்கணம் மூப்பர் வீடுதான். தினமும் ஒரு மணி நேரம் குடும்ப ஜெபம். பாஸ்டரே ஒருநாள் கலந்துகொள்ள வந்தார். எல்லோரும் முழங்காலிட்டார்கள்.

“கர்த்தாவே, கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போகிற அடியேனை நினைத்தருளும்” என்றார் மூப்பர்.

“கர்த்தாவே, அயர்ன் பாக்ஸ் ரிப்பேரானதை நீர் அறிவீர். அதைக் கடைக்குக் கொண்டுபோக யாருக்காவது மனசைத் தாரும்” என்றார் அவர் மனைவி.

பாஸ்டர் உருகிப்போய், பக்கத்திலிருந்த மூப்பரின் மகளிடம் கிசுகிசுத்தார். “சின்ன விஷயத்தைக்கூட ஆண்டவர்கிட்டதான் சொல்றாங்க! அடுத்த வாரம் தம்பதியர் கூட்டத்துல இவங்கதான் பேசணும்.”

“முட்டி தேயுது பாஸ்டர், நீங்க வேற!” என்று எரிந்து விழுந்தாள் மகள். “சண்டை போட்டதுலேருந்து ரெண்டு பேரும் நேர்ல பேசிக்கிறதே இல்ல. எதுவானாலும் ஜெபத்துலதான்.”