கஷாயம் குடித்தது யார்?

"உங்கள்ல ஒருத்தர் என்னை ஏமாத்திட்டீங்க!"

டாக்டர் எவரிஸ்தோ போட்ட சத்தத்தில், சர்ச் ஹாலில் விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

எதிரே பெஞ்சுகளில் ஊர்ப் பெண்கள். அம்மாவையோ அக்காவையோ மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள். முள்சீத்தா இலையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அந்த நோயை வராமலே தடுக்குமா என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி.

பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை. மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. தலைநகர் சாண்டோ டொமிங்கோவில் இருக்கும் தலைமை ஆபீசுக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு கண்டிஷன். வீட்டில் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கூடாது. குடித்தால் ஆராய்ச்சியே குழம்பிவிடும்.

"மாத்திரையில இல்லாத, பச்சை இலையில மட்டும் இருக்கிற சத்து ஒருத்தர் ரத்தத்துல இருக்கு. ரிப்போர்ட்ல நம்பர்தான் இருக்கு, பேர் இல்லை. தானா எழுந்து சொல்லிட்டா மரியாதை. யாரு குடிச்சது?"

முன் பெஞ்சில் டாக்டரின் அம்மா சுனில்டா. ஊரில் முதல் ஆளாகப் பேர் கொடுத்ததும், "என் பிள்ளையை நம்பி வாங்கடி" என்று மற்றவர்களை இழுத்து வந்ததும் அவள்தான்.

அவளுக்குப் பக்கத்திலிருந்து நியெவெஸ் எழுந்தாள். சந்தை முனையில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள்.

"நான்தான் டாக்டர்."

"நினைச்சேன்! ஊர் வம்பையே விடாத வாய், கஷாயத்தை மட்டும் விடுமா?"

பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"உங்க அக்கா போனப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதியே, 'எப்படியாவது மருந்து கண்டுபிடிங்க'ன்னு? அதுக்கு நீ பண்ற உதவி இதானா?"

நியெவெஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான் டாக்டர்."

"இனிமே நீ இங்கே வர வேண்டாம். வருஷா வருஷம் எடுக்கிற இலவச ஸ்கேனும் உனக்குக் கிடையாது. கிளம்பு!"

"வெட்கங்கெட்டவ. ஒருத்தி பண்ற கூத்தால நமக்கெல்லாம் கெட்ட பேரு," என்றாள் ஒருத்தி, அவள் காதில் விழும்படியாகவே.

நியெவெஸ் பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினாள்.

அடுத்த வாரம் தலைமை ஆபீசிலிருந்து போன் வந்தது.

"நியெவெஸ் பேரை நீக்கச் சொல்லியிருக்கீங்களே டாக்டர். அவங்க ரத்தத்துல ஒண்ணுமே இல்லையே?"

"அவளே ஒத்துக்கிட்டாளே!"

"இல்லை டாக்டர். அந்த நம்பர் வந்து..." குரல் தயங்கியது. "சுனில்டா பெகேரோ. உங்களுக்குச் சொந்தமா?"

டாக்டர் போனை வைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனார். அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகனின் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் எழுந்திருக்கத்தான் பார்த்தேன்டா. அவ என் தொடையை ஒரு அழுத்து அழுத்திட்டு முந்திக்கிட்டா. அப்புறம் எனக்குத் தைரியம் வரலை. அன்னியிலேர்ந்து சோறு இறங்கலைடா எனக்கு."

எப்போது குடித்தாய், எதற்குக் குடித்தாய் என்று டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே நடந்தார்.

பார்லரில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. வழக்கமாக வாசல்வரை பெண்கள் காத்திருக்கும் கடை. நியெவெஸ் சுத்தமாக இருந்த தரையையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிரு நியெவெஸ். உன் பேரை மறுபடி சேர்க்கச் சொல்லிடறேன். எங்க அம்மாதான் குடிச்சாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம் டாக்டர். இந்த வயசுல அவங்களுக்கு எதுக்கு அந்த அவமானம்?"

"அவங்களுக்காக நீ எதுக்கு அவ்வளவு பேச்சு வாங்கணும்?"

"அவங்களுக்காக மட்டும்னு நினைச்சீங்களா?" துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "எங்க அக்காவுக்காகவும்தான். இந்த ஆராய்ச்சி நின்னுடக் கூடாது. அன்னிக்கு அவங்க எழுந்திருந்தா, 'கஷாயம் யார் கொடுத்தது?'ன்னு நீங்க கேட்காட்டியும் வேற யாராவது கேட்டிருப்பாங்க. உங்க அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொல்லியிருப்பாங்க. அதைக் கேட்டுட்டு ஒருத்தியாவது உங்க மாத்திரையைத் தொடுவாளா?"

டாக்டர் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

நியெவெஸ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க வீட்டம்மா முடி வெட்டிக்க வந்தப்போ, 'நீங்களும் ஆராய்ச்சியில சேருங்களேன்'னு கூப்பிட்டேன் டாக்டர். 'எனக்கு மாவு மாத்திரை வந்துட்டா என்ன பண்றதுன்னு அவர் என்னைச் சேரவே விடலை. தினம் இலையைப் பறிச்சு அவரே கஷாயம் வெச்சுக் கொடுத்துடறார். மிஞ்சினதை நான் மாமியாருக்கு ஊத்திடறேன்'னாங்க."