நின்றுபோன வரிசை

"அண்ணே, அங்க காத்து பிச்சிக்கிட்டு அடிக்குதுன்னு என் ஸ்கிரீன் சொல்லுது. உங்க காத்தாடி மட்டும் ஏன் சும்மா நிக்குது?"

மறுமுனையில் காற்றாலைப் பண்ணையின் மேற்பார்வையாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு வரிசையை மட்டும்தாம்மா நிறுத்தியிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"என்ன காரணம்?"

"அப்புறம் சொல்றேன்." போன் வைக்கப்பட்டது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மின் கட்டுப்பாட்டு அறையில் சாயங்காலம் என்றாலே இழுபறிதான். வெயில் சாயச் சாய சோலார் மின்சாரம் மளமளவென்று குறையும். அதே நேரம் பார்த்து வீடுகளில் விளக்கு, அடுப்பு, மோட்டார் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். நடுவில் விழுகிற பள்ளத்தைக் காற்றுதான் நிரப்பியாக வேண்டும். காற்று இல்லையென்றால் சரி. காற்று இருந்தும் காற்றாடி சுற்றவில்லை என்றால்?

பக்கத்து மேஜையில் மின்சாரச் சந்தை நிலவரத்தைப் பார்ப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'சந்தை'தான்.

"மேடம், விலை ஏறிக்கிட்டே போகுது. பக்கத்து மண்டலத்துலயும் தட்டுப்பாடு. இவரு இப்ப பிடிச்சு வெச்சிட்டு, விலை உச்சிக்குப் போனதும் விக்கலாம்னு பாக்குறாரோ?"

"அந்த மனுஷனா? சேச்சே!" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் போனை எடுத்தாள்.

"அண்ணே, மழுப்பாம சொல்லுங்க. மெஷின் ரிப்பேரா?"

"இல்லம்மா."

"யாராவது நிறுத்தச் சொன்னாங்களா?"

"நானாத்தான் நிறுத்தினேன்."

"அப்ப ஓட்டுங்க!"

"முடியாதும்மா." சற்றுத் தயங்கிவிட்டு, "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? தண்ணி ஏதாவது குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

அவளுக்குத் தலை சுற்றியது. ஊருக்கு மின்சாரம் கேட்டால், தண்ணீர் குடித்தாயா என்கிறாரே இந்த ஆள்!

"விளையாடுறீங்களா? மேற்குப் பக்கம் முழுக்க இருட்டாகப் போகுது. வீட்டுல ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுத்திருக்கிறவங்க எத்தனை பேரு தெரியுமா? ஓட்டுங்க, உடனே ஓட்டுங்க! இல்லேன்னா உங்க மேல ரிப்போர்ட் போடுவேன்!"

"போடுங்கம்மா," என்றார் அவர் சாந்தமாக.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மேலதிகாரி வந்தார். தன் அறையை விட்டு லேசில் அசையாதவர். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சார், அந்தக் காத்தாடிக்காரர் அடம் பிடிக்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவரை விட்டுடும்மா. வேற வழி பாரு."

"சார்?"

"வேற வழி பாருன்னேன். உன்னால முடியும்."

இவருமா? யாரை நம்புவது, யாரைச் சந்தேகிப்பது என்றே தெரியவில்லை. சுவரில் இருந்த பெரிய திரையில் மின்சார அளவைக் காட்டும் முள் மெல்ல மெல்லக் கீழே சரிந்துகொண்டிருந்தது. குழப்பத்துக்கெல்லாம் இப்போது நேரமில்லை.

"சந்தை சார், மலைப்பக்கத்து மண்டலத்துல அணை மின்சாரம் இருக்கா பாருங்க. என்ன விலைன்னாலும் வாங்குங்க!"

இரும்பு உருக்கும் ஆலையை அழைத்து, உலையைச் சற்று நேரம் தணித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டாள். குளிர்பதனக் கிடங்குக்காரர் முணுமுணுத்தார். அவரையும் நைச்சியமாகப் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். பேட்டரி நிலையத்தில் மிச்சமிருந்ததையும் திறந்துவிடச் சொன்னாள். முள் தடுமாறியது, நின்றது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ஒரு தெருவில்கூட விளக்கு அணையவில்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டபோது, அடுத்த ஷிப்ட் ஆள் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். அவருக்கு இன்னும் நேரமே ஆகவில்லை. வந்ததும் வராததுமாக, "எழுந்திருங்க மேடம், நான் பாத்துக்கறேன்," என்றார். மேலதிகாரிதான் அவசரமாக வரச்சொன்னாராம்.

என்ன நடக்கிறது இங்கே? திருட்டு வேலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று என்னை எழுப்பி அனுப்புகிறார்களா?

"சார், எனக்கு இப்பவே பதில் தெரிஞ்சாகணும்," என்று மேலதிகாரியிடம் பொரிந்தாள்.

அவர், அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அம்மா, இறக்கிட்டோம்மா!" காற்றாலை மேற்பார்வையாளரின் குரல் உடைந்திருந்தது. "கிரேன் உள்ள வர்றதுக்காகத்தான் அந்த லைனையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. மன்னிச்சிடுங்கம்மா. இந்தாங்க, பேசுங்க."

"யாரை இறக்கினீங்க?" என்று அவள் கேட்பதற்குள் வேறொரு குரல் வந்தது. அதே பண்ணையில் மெக்கானிக்காக இருக்கும், லீவு என்று காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த அவள் கணவனின் குரல்.

"நான்தான். பயப்படாதே, கால்ல மட்டும்தான் அடி. மெக்கானிக் ஒருத்தன் வரலேன்னு என்னை அவசரமா கூப்பிட்டாங்க, வந்த இடத்துல காத்தாடி மேல மாட்டிக்கிட்டேன். உனக்குக் கை நடுங்கினா ஊரே இருட்டாயிடும்னுதான் சொல்ல வேணாம்னு கெஞ்சினேன். ஆனா, 'ஓட்டுங்க, உடனே ஓட்டுங்க'ன்னு நீ போட்ட சத்தம் வாக்கி டாக்கி வழியா எனக்கு மேல வரைக்கும் கேட்டுச்சு!"