டென்மார்க் செத்தவீடு

நித்தியானந்தன் கதவைத் திறந்தபோது அவருடைய உதடுகள் வெடித்திருந்தன. மூக்கு நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. நான்கு நாள் தாடி வேறு.

வாசலில் நின்ற தேவராஜா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பின்னால் அவன் மனைவி கிரிஜா இடியப்பமும் சொதியுமாகத் தலைகுனிந்து நின்றாள். மெல்பேர்னின் கிரெய்கிபர்னில் அன்று முப்பத்தொன்பது பாகை வெயில்.

"நல்லா அழுதிருக்கிறியள் போல, அண்ணை," என்றான் தேவராஜா.

நித்தியானந்தன் மறுக்கவில்லை. அழுதால் மூக்கு உரியுமா என்று அவருக்குத் தெரியாது. பனிக்காற்றில் உரியும் என்பது போன கிழமைதான் தெரிந்தது.

உண்மையில் யாரும் சாகவில்லை. ஜப்பானில் மலைக்காட்டுக்குள் வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளிக்கும் குரங்குகளைப் பார்க்க அவரும் மனைவி நிரூபாவும் ஒரு வருடத்துக்கு முன்பே பயணம் பதிந்து வைத்திருந்தார்கள். அதே கிழமையில் தேவராஜா தன் மகள் வினுஷா பெரியபிள்ளையானதற்கான சாமத்தியவீட்டுக்கு நாள் வைத்துவிட்டான்.

தேவராஜா அவருடைய சொந்தச் சித்தப்பாவின் மகன். மெல்பேர்னில் அவருக்கென்று இருக்கிற ஒரே இரத்த உறவு. அவனிடம் போய், உன் பிள்ளையின் சடங்குக்கு வரமாட்டேன், குரங்கு பார்க்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே அவர் டென்மார்க்கில் தன் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை உண்டாக்கினார். உண்டாக்கிய அன்றே சாகவும் வைத்தார். செத்தவீட்டுக்குப் போகிறோம், முப்பத்தொரு நாள் துடக்கு, நல்ல காரியத்துக்கு வரக்கூடாது, குறை நினைக்காதே என்று சொல்லிவிட்டுக் கைபேசியை அணைத்தார். ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்த தேவராஜாவுக்கு ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாது. சொல்லித்தரச் சித்தப்பாவும் இப்போது இல்லை. அந்தத் தைரியம்தான்.

நிரூபா பயணப்பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்து பாலில்லாத பிளேன்ரீ கொடுத்தாள். கிரிஜா கைப்பையிலிருந்து வாஸ்லின் டப்பியை எடுத்து உதட்டில் பூசிவிட்டுக் கோப்பையை வாங்கினாள். இவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டால் போதும் என்று நித்தியானந்தன் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். இது வெளியே வந்தால் அவன் இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டான்.

தேவராஜா போகிற மாதிரித் தெரியவில்லை. செத்தவீடு எப்படி நடந்தது என்று கேட்டான். நித்தியானந்தனுக்குப் பொய் கோர்வையாக வராது. கண்ணால் கண்டதைத்தான் சொல்ல வரும்.

"அமைதியா நடந்தது. ஒருத்தரும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எல்லாற்றை முகமும் சிவந்துபோய்க் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்பிடியே இருந்தவை."

சொல்லச் சொல்ல அந்த இடம் அவருக்குள் திரும்பி வந்தது. ஆவி எழும் தண்ணீர், தலையில் பனி விழுவதையும் பொருட்படுத்தாத கிழட்டுக் குரங்கு. அதன் முன்னால் அவரும் நிரூபாவும் ஒரு மணித்தியாலம் பேசாமல் நின்றார்கள். கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர்களுக்குள் எத்தனையோ நீண்ட மௌனங்கள் இருந்திருக்கின்றன. சண்டை இல்லாமல் வந்தது அது ஒன்றுதான்.

"சின்னப் பிள்ளையளும் வந்தவையோ?" என்று தேவராஜா கேட்டான்.

"ஓம். ஒரு குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தது."

"பாவம். தாய்?"

"தாய் பேன் பாத்துக்கொண்டு இருந்தவ."

கிரிஜா கோப்பையைக் கீழே வைத்தாள். "செத்தவீட்டிலையோ?"

"துக்கத்திலை என்ன செய்யிறமெண்டு ஆருக்குத் தெரியும்," என்றாள் நிரூபா அவசரமாக.

தேவராஜா தலையை ஆட்டினான். பிறகு கதிரையை நித்தியானந்தனுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டான்.

"ஒரு விஷயம் அண்ணை," என்றான். "உங்கடை அப்பாவுக்குத் தம்பியெண்டால் என்ரை அப்பாவுக்கும் சகோதரம்தானே. உங்களுக்குத் துடக்கெண்டால் எங்களுக்கும் துடக்கு."

பொய் சொன்ன அவசரத்தில் நித்தியானந்தன் அதை யோசிக்கவே இல்லை.

தேவராஜா ஆறுதலாக விளக்கினான். ஐயரைக் கேட்டார்களாம். துடக்குக்குள் சடங்கு செய்யக்கூடாது என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம். இருநூறு பேருக்குத் தனித்தனியாக எடுத்துச் சொல்லி, சாமத்தியவீட்டை மாசிக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். வினுஷா இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாளாம். வேலையிடத்தில் எடுத்த லீவும் சும்மா கிடந்ததாம்.

"பிள்ளையை எங்கையாவது கூட்டிக்கொண்டு போனால் நல்லதெண்டு யோசிச்சம். முந்தி ஒருக்கா நிரூபா அக்கா அவளுக்கு ஒரு வீடியோ காட்டினவ. அண்டையிலையிருந்து அதைப் பாக்கவேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிண்டவள். துடக்கிலை கோயிலுக்குத்தானே போகக்கூடாது."

நிரூபா மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"எங்கை போனனியள்?" என்று நித்தியானந்தன் கேட்டார்.

தேவராஜா பிளேன்ரீயைக் கடைசி மிடறுவரை குடித்து முடித்தான்.

"கை காட்டினனான் அண்ணை, நீங்கள்தான் குரங்கை விட்டுக் கண்ணை எடுக்கேல்லை."