பேர் மாறின டியூப்

“யாரைக் கேட்டு என் கிட்னி செல்லை டெஸ்ட்டுக்கு அனுப்பினீங்க?”

ஆராய்ச்சிக்காரி போட்ட சத்தத்தில் லேபில் இருந்த நாலு பேரும் கைவேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃப்ரீஸர் அக்கா அசரவில்லை. உறைய வைத்த செல்களுக்கெல்லாம் இருபது வருஷமாக அவள்தான் காவல்.

“உன் கட்டுரைக்கு ஜர்னல்காரன் அனுப்பின படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. ‘செல்லோட அடையாளத்தைச் சோதிச்சாச்சா’ன்னு. டிக் போட்டுக் குடுங்கக்கான்னு நீதானே நீட்டினே? பாக்காம எப்படிப் போடறது?”

“எல்லாரும் பாக்காமத்தான்க்கா போடறாங்க!”

“அது எனக்கும் தெரியும்டி.”

மூணு வருஷமாக ஒரு மருந்தைக் கிட்னி செல்லில் விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் இவள், ஆராய்ச்சிக்காரி. மருந்து அருமையாக வேலை செய்தது. கட்டுரை எழுதியாயிற்று. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தால் டாக்டர் பட்டம். இந்த நேரம் பார்த்து வந்து நிற்கிறது இந்த டெஸ்ட் ரிசல்ட் தாள். மனுஷனுக்குக் கைரேகை மாதிரி செல்லுக்கும் ஒரு அடையாளம் உண்டாம். அதைப் பார்த்ததில், இது கிட்னியே இல்லையாம். நுரையீரலாம்.

“அது எப்படி நுரையீரலாகும்? செல் வளர்க்கிற தட்டு மேல நான் தினமும் கிட்னின்னுதானே எழுதறேன்?”

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று அவளுக்கே உறைத்தது.

அம்மாவுக்கு போன் போட்டு அழுதாள்.

“அப்ப மூணு வருஷமா எவ பெத்த பிள்ளைக்கோ சோறு ஊட்டிக்கிட்டு இருந்தியா?” என்றாள் அம்மா.

“உனக்கு ஆறுதலா ஒரு வார்த்தை பேசவே வராதாம்மா?”

மத்தியானம் புரொஃபசர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“எங்க மாறிச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். செஞ்சது ஸ்டூடண்ட்டா இருந்தா இன்னைக்கே மூட்டையைக் கட்டிடலாம். பட்டம் கிட்டம்னு இந்தப் பக்கமே வரக்கூடாது.”

செல்லை விற்ற கம்பெனிக்காரன் மாற்றினானா, வந்த வழியில் மாறியதா, யாருக்கும் பிடிபடவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அக்காதான் வாயைத் திறந்தாள்.

“பழைய டியூபையெல்லாம் ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணிட்டேன் சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரே நாள்ல கிட்னியையும் நுரையீரலையும் டியூப்ல போட்டு உறைய வெச்சிருக்கு. அப்ப மேல எழுதற பேர் மாறிப் போச்சு. அந்த டியூப்ல இருந்துதான் இவ எடுத்து வளர்த்திருக்கா.”

“யார் மாத்தி எழுதினது?”

அக்கா கையுறையை மெதுவாகக் கழற்றினாள். ஒரு விரல், இன்னொரு விரல்.

“நான்தான் சார்.”

புரொஃபசர் கையை நீட்டினார். அக்கா ஃப்ரீஸர் சாவியைக் கொடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் கண்ணாடிக் குழாய் கழுவும் அறை என்று முடிவாயிற்று.

“உன் தப்பு ஒண்ணும் இல்லையேம்மா” என்று அந்தச் சாவியை இவள் கையில் வைத்தார் அவர். “ஆய்வேடு குடுக்க ஒரு வருஷம் நீட்டி வாங்கித் தர்றேன். முதல்லேருந்து செய். பழைய டியூபையெல்லாம் எடுத்துக் கொட்டிடு.”

அழுவதா, சந்தோஷப்படுவதா, இவளுக்குப் புரியவில்லை. அதைவிடப் புரியாதது அக்காவின் போக்கு. நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

“உங்க தப்பை நீங்களே எதுக்குக்கா தோண்டி எடுத்தீங்க? சும்மா இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. நானும் பட்டத்தை வாங்கிட்டுப் போயிருப்பேன்.”

“நீ போயிருப்பே. அப்புறம் கிட்னி கெட்டுப்போன எவனோ ஒருத்தன் உன் கட்டுரையை நம்பி அந்த மருந்தைக் குடிச்சிருப்பான்.”

“பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. என் மூணு வருஷத்தை யாரு திருப்பித் தருவா?”

“திட்டிக்கோ. ஆனா அந்தப் பழைய டியூப் பெட்டியை நான் கொட்டிடறேன். சாவியை மட்டும் குடு. நீ தொடாதே.”

“ஏன்? உங்க லட்சணத்தை யாரும் பாத்துடக்கூடாதா?”

அக்கா அந்தப் பக்கம் திரும்பி மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த மேஜை.

அதுதான் இவளை இன்னும் கிளப்பியது. இருக்கட்டும், அந்த டியூபை ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்வோம், நாளைக்கு யாராவது என்னைக் கேட்டால் காட்டலாம் என்று நினைத்தாள்.

விறுவிறுவென்று போய் ஃப்ரீஸரைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து பெட்டியை இழுத்தாள். டெஸ்ட் தாளில் அக்கா குறித்திருந்த எண்ணைப் பார்த்து அந்த ஒரு டியூபை மட்டும் உருவினாள். பனி மூடியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள்.

‘கிட்னி’ என்று எழுதியிருந்தது. கீழே தேதி. இவள் லேபில் சேர்ந்த முதல் மாதம்.

எழுத்து அக்காவுடையது இல்லை.

இவள் எழுத்து.

“தொடாதேன்னு சொன்னேன்ல?” என்றாள் பின்னால் வந்து நின்ற அக்கா. “குடு இப்படி. கை மரத்துடும்.”