வாய்விட்டுச் சொல்லுங்கள்

“மனசுல என்ன ஓடுதோ, அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிட்டே இருங்க. நான் வாயே திறக்க மாட்டேன்” என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த என் கூட்டாளி சிரிப்பை அடக்கினான். நான் வாய் திறக்க மாட்டேன் என்றால் என்னைப் பெற்றவளே நம்ப மாட்டாள்.

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். அதற்கு ஏனோ தோள் குலுங்கச் சிரித்தார்.

ஒரு மென்பொருள் மெதுவாக ஓடினால், அது எந்த இடத்தில் நேரத்தை விழுங்குகிறது என்று படம் போட்டுக் காட்டும் கருவி எங்களுடையது. இரண்டு பேரும் நல்ல வேலையை விட்டுவிட்டு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டோம். ஒருவர் வந்து காபி குடித்துவிட்டுப் போனார். இன்னொருவர் என் அக்கா வீட்டுக்காரர். அவரிடம் மென்பொருளே கிடையாது. பாவம், என் முகத்துக்காக வந்தார்.

அடுத்தது இவர். என்னிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது, நானே எழுதியது, ரொம்ப மெதுவாக ஓடுகிறது, வரலாமா என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

இவராவது கருவியை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் கடையைச் சாத்திவிடலாம் என்று கூட்டாளி காலையிலேயே சொல்லிவிட்டான்.

என்ன மென்பொருள், அது எதற்கு வேகமாக ஓட வேண்டும் என்று நான் மடமடவென்று கேட்டேன். அவர் மடிக்கணினியைத் திறந்து ஏதோ தட்டினார். பதில் இல்லை. எனக்குப் பொறுமை ஏது? சரி, ஆரம்பியுங்கள் என்று அவருக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாதிரிச் சோதனைக்கு ஒரு சட்டம் உண்டு. வந்தவர் எவ்வளவு தடுமாறினாலும், கருவியைச் செய்தவர்கள் உதவக் கூடாது. அவர் தடுமாறுகிற இடம்தான் நமக்கு வேண்டும்.

அவர் தடுமாறினார்.

கருவியை ஓடவைக்கும் பட்டன் திரையின் அடியில், வலது ஓரத்தில் இருந்தது. அங்கே வைத்தது நான். யாருக்கும் கண்ணில் படாது என்று கூட்டாளி அன்றைக்கே சண்டை போட்டான். கண் இருக்கிறவர்களுக்குப் படும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன்.

சுட்டி மேலே போனது. இடது பக்கம் போனது. பட்டனுக்குப் பக்கத்தில் வந்து, அப்படியே திரும்பிப் போனது.

ஐயோ, அங்கேதான் தாயே, அங்கேதான்! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

என்ன நினைக்கிறார் என்றாவது சொல்லலாமே. ஒரு ‘ம்’ கூட இல்லை. நடுநடுவே திரை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். யாருடனோ அரட்டை! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எட்டிப் படித்திருக்கலாம். அடுத்தவர் அரட்டையைப் படிக்கும் அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

மடிக்கணினி ஒரு தடவை ‘வ’ என்றது. அத்தோடு நின்றுவிட்டது. அதற்கும் ஏதோ கோளாறு.

ஒருவழியாகப் பட்டன் அகப்பட்டது. படம் விரிந்தது. குட்டிக் குட்டிப் பட்டைகள், நடுவில் ஒன்று மட்டும் திரையையே அடைத்துக்கொண்டு. நேரத்தை விழுங்குவது அதுதான்.

அவர் முன்னால் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். எரிச்சல் போன இடம் தெரியவில்லை. மற்றவர்களுடைய மென்பொருளின் வயிற்றுக்குள் பார்ப்பதென்றால் எனக்கு அப்படி ஒரு ஆசை.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெரிய ஒலிக் கோப்பை முதலிலிருந்து திறந்து, படித்து, மூடிக்கொண்டிருந்தது அது. ஒவ்வொரு டம்ளர் தண்ணீருக்கும் புதிதாகக் கிணறு வெட்டுகிற மாதிரி. சரி, இவருக்கு எதற்கு ஒலி?

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தன் மென்பொருளில் இரண்டு வரியை வெட்டி, கோப்பை ஒரே தடவை திறந்தால் போதும் என்று மேலே ஒட்டினார். அந்தச் சின்னப் பெட்டியில் தேங்கிக் கிடந்ததையெல்லாம் மறுபடி ஓட விட்டார்.

மடிக்கணினி பேசியது. பெண் குரல். மூச்சுவிடாமல்.

“வணக்கம்க்கா. தாகம் இல்ல, எனக்குப் பேச்சு வராது. இந்தப் பெட்டிதான் எனக்காகப் பேசும், கொஞ்சம் லேட்டாகும். எதுக்கு வேகமா ஓடணும்னு கேட்டீங்க. மாமியார் ஒண்ணு சொன்னா, என் பதில் வர்றதுக்குள்ள அவங்க சாப்பிட்டுத் தூங்கியே போயிடுறாங்க. ஒரு சண்டையாவது நேரத்துக்குப் போடணும்க்கா. பட்டன் எங்க? மேல இல்ல. இடது பக்கமும் இல்ல. எந்தப் புண்ணியவான் இதை ஒளிச்சு வெச்சது? பின்னால உக்காந்திருக்கிற அக்கா ஏன் இப்படிப் பெருமூச்சு விடுறாங்க? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?”

கூட்டாளி எழுந்து வெளியே போய்விட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

மனசில் ஓடியதை அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், ஒன்று விடாமல். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சந்தோஷமும் தாங்கவில்லை.

“அப்ப இந்தக் கருவியை நீங்க...” என்று ஆரம்பித்தேன்.

அவர் விரல்கள் அதற்குள் ஓடி முடித்திருந்தன. நான் கேள்வியை முடிப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

“வெச்சுக்கிறேன்க்கா. முதல்ல அந்தப் பட்டனை மாத்துங்க.”