மூன்றாவது இழை

திரை கறுத்துப் போனது.

கண்ணில் மாட்டியிருந்த திரையைப் பிடுங்கி யூஹிம் பதுங்குகுழிச் சுவரில் விட்டெறிந்தான். இன்னும் ஒரு மூச்சு நேரம் கிடைத்திருந்தால் அவனுடைய ட்ரோன் அந்தச் சிவப்பு ஓட்டு வீட்டின் ஜன்னலுக்குள் புகுந்து வெடித்திருக்கும்.

வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. ஜன்னலில் ரஷ்யர்களின் இயந்திரத் துப்பாக்கி. அதற்குக் கீழே வாய்க்காலில், யூஹிமின் படை ஆட்கள் நான்கு பேர் விடிந்ததிலிருந்து தலை தூக்க முடியாமல் கிடந்தார்கள்.

இன்றைக்கு இது மூன்றாவது. முதல் ட்ரோனின் இழையைக் காற்று மரக்கிளையில் போட்டு அறுத்தது. இரண்டாவது, மின்கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது தன் இழையிலேயே மாட்டிக்கொண்டு விழுந்தது.

ரேடியோ அலையை எதிரி முடக்கிவிடுகிறான் என்றுதான், பதுங்குகுழியிலிருந்து ட்ரோனுக்குப் பின்னாலேயே சுருள் பிரிந்து போகும் இந்தக் கண்ணாடி இழையைக் கொடுத்தார்கள். முடி மாதிரி மெல்லிசு, எவனாலும் முடக்க முடியாது என்றார்கள். சுருளின் கனத்தில் ட்ரோன் சினைமாடு போல நகரும் என்று சொல்லவில்லை. அறுந்துபோக ஒரு முள்செடி போதும் என்று சொல்லவில்லை. சொன்னவர்கள் இங்கே வந்து பறக்கவிட்டுப் பார்க்கவும் இல்லை.

"ஆடுதான்டா அறுத்திருக்கும். அந்தப் பக்கத்துத் தோட்டத்து மோத்ரியா அக்காவோட ஆடு," என்றான் கூட்டாளி லெவ்கோ. "கட்டிப் போடச் சொல்லுன்னு நேத்தே சொன்னேன்ல?"

வயர்லெஸ் கரகரத்தது. வாய்க்காலில் இருந்து பேசினார்கள். "எங்கடா உங்க பொம்மை? நாங்க செத்தப்புறம் அனுப்பலாம்னு இருக்கீங்களா?"

யூஹிம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

ஆப்பிள் மரங்களின் ஊடே இழை வெயிலில் மின்னிக்கொண்டு போனது. மேலிருந்து எவன் பார்த்தாலும் நேரே பதுங்குகுழிக்கு வழி காட்டும். அதற்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஓடினான்.

முட்டைக்கோஸ் பாத்தியில் இழை அறுந்து கிடந்தது. பக்கத்தில் ஆடு எதையோ மென்றுகொண்டு நின்றது. துப்பாக்கியை அதன் நெற்றிக்கு நேராக உயர்த்தினான்.

"சுடாத தம்பி. ஆடு கண்ணாடியத் திங்குமா?"

வேலியோரம் மோத்ரியா நின்றாள். கையில் கிளை வெட்டும் கத்தரி. அதை அவள் மறைக்கவில்லை.

யூஹிம் குனிந்து இழையின் முனையைப் பார்த்தான். ஒரே வெட்டு.

"நாலு பேரு அங்க கிடக்குறாங்க. உனக்கென்ன பைத்தியமா? எவனுக்கு வேலை பாக்குற நீ?" தொண்டை கிழியக் கத்தினான். நேற்று இவள் கொண்டுவந்த சூப்பையல்லவா குடித்தான்.

"அந்தச் சூப்பக் குடிச்சுக்கிட்டேதான சிவப்பு ஓட்டு வீடுன்னு பேசுனீங்க?" அவளும் கத்தினாள். "அது என் தங்கச்சி வீடு. யவ்தோஹா. கிளம்புடின்னா கேக்கல. நிலவறையில கிடக்கா. நீங்க ஜன்னலத்தான பாப்பீங்க, நிலவறைய எவன் பாத்தான்?"

அக்கரையில் இயந்திரத் துப்பாக்கி நீளமாக ஒரு முறை இரைந்து ஓய்ந்தது.

மோத்ரியாவின் குரல் இறங்கிவிட்டது. "உன் திரையில எல்லாம் தெரியுமே தம்பி. அவ இருக்காளா?"

யூஹிம் ஆற்றுப் பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"யாரும் இல்லக்கா. நிலவறைக் கதவு பேந்து கிடக்கு. காலி வீடு."

கத்தரி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் திரும்பி ஓடினான்.

"ஆடுதானே?" என்றான் லெவ்கோ, அடுத்த சுருளை மாட்டிக்கொண்டே.

"ஆடுதான். சீக்கிரம் மாட்டுடா."

யூஹிம் திரையைக் கண்ணில் மாட்டிக்கொண்டான். கோபம் அடங்கவில்லை. இழை மேலா, அவள் மேலா, அந்த ஜன்னலின் மேலா என்று அவனுக்கே தெரியவில்லை.

திரை கறுப்பதற்கு முன் கடைசியாகத் தெரிந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டின் பக்கவாட்டில் நிலவறைக் கதவு கொஞ்சமாய்த் திறந்தது. ஒரு பெண்ணின் கை வெளியே வந்து, மழைத்தண்ணீர் நிரம்பிய வாளியைச் சிந்தாமல் உள்ளே இழுத்துக்கொண்டது.